எல்லாப் பட்டியலிலும் மேலே நின்ற இலங்கை ஏன் விழுந்தது?

நீங்கள் கேட்ட கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: ஆயுள், எழுத்தறிவு, தலா வருமானம், மனித அபிவிருத்திச் சுட்டெண் என்று எதை எடுத்தாலும் தெற்காசியாவின் பெரிய நாடுகளை விட இலங்கை மேலே இருந்தது, அப்படிப்பட்ட நாடு 2022இல் பெற்றோல் வாங்கக் காசில்லாமல் நின்றது எப்படி, அப்படியானால் இந்தப் புள்ளிவிபரங்கள் எல்லாம் பொய்தானே, எந்த எண்ணைத்தான் நம்புவது?

பொய் என்று சொல்வது சுலபம், நிறையப் பேர் சொல்கிறார்கள். என் கருத்து வேறு. எண்கள் பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தன. அவை எதை அளந்தன, எந்த ஆண்டை அளந்தன, யாரை விட்டுவிட்டு அளந்தன என்று நாங்கள் கேட்கவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும், பொறுமை இருந்தால் வாசியுங்கள்.

2022 செப்டெம்பரை எடுங்கள். அந்த மாதம் ஐ.நா. அபிவிருத்தித் திட்டம் தன் மனித அபிவிருத்திச் சுட்டெண் அறிக்கையை வெளியிட்டது. இலங்கைக்கு 0.782, உலகில் 73ஆவது இடம், 'உயர்ந்த மனித அபிவிருத்தி' என்ற வகை. பங்களாதேஷ் 129, இந்தியா 132. அதே மாதத்துக்குக் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 சதவீதம், உணவை மட்டும் எடுத்தால் 94.9. ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இரண்டு எண்ணும் சரியானவை. முதலாவது எண் 2021ஆம் ஆண்டுக்கானது என்பதைப் பத்திரிகைகள் எங்கோ ஆறாவது வரியில் போட்டிருந்தன, அவ்வளவுதான்.

ஆனால் ஓராண்டு பிந்தி வருவதோடு விஷயம் முடிவதில்லை. அந்தச் சுட்டெண் 2022ஐயே அளந்திருந்தாலும் பெரிதாக அசைந்திருக்காது, ஏனென்றால் அது செய்யப்பட்டிருக்கும் விதம் அப்படி. மூன்று சாமான் போட்டுச் செய்கிறார்கள்: பிறக்கும்போது எதிர்பார்க்கப்படும் ஆயுள், கல்வி, தலா வருமானம். கல்வியில் பாதி, 25 வயதுக்கு மேற்பட்டவர்கள் சராசரியாக எத்தனை வருடம் பள்ளிக்கூடம் போனார்கள் என்பது. 1980இல் பத்தாம் வகுப்பு முடித்த ஒருவர் இன்றைக்கும் அந்தக் கணக்கில் பத்து வருடமாகவே இருக்கிறார். நாளைக்கு நாட்டிலுள்ள எல்லாப் பள்ளிக்கூடத்தையும் மூடினாலும் அந்த எண் அசையாது. மற்றப் பாதி, இன்றைய பிள்ளை எத்தனை வருடம் படிக்கும் என்ற எதிர்பார்ப்பு. அதையும் பதிவேட்டில் உள்ள சேர்க்கையை வைத்தே போடுகிறார்கள், வகுப்பில் வந்து உட்கார்ந்ததை வைத்து அல்ல. 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் வினாத்தாள் அச்சடிக்கக் காகிதம் இல்லாமல் தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்தார்கள், பிறகு எரிபொருள் இல்லாமல் பள்ளிகளை மூடினார்கள், அந்தப் பிள்ளைகள் எல்லோரும் சுட்டெண்ணில் ஒழுங்காகப் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

வருமானத்தை அப்படியே போடுவதில்லை, மடக்கை (log) எடுத்து, அதாவது தொகை கூடக் கூட அதன் எடை குறையும்படி சுருக்கிப் போடுகிறார்கள். ஏழை நாட்டுக்குக் கிடைக்கும் கூடுதல் நூறு டொலர் பணக்கார நாட்டுக்குக் கிடைக்கும் நூறு டொலரை விடப் பெரிது என்பது காரணம், நியாயமான காரணம்தான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். ஒரு நாட்டின் வருமானம் ஒரே வருடத்தில் 10 சதவீதம் விழுகிறது என்று வையுங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்க 0.782 என்பது ஏறத்தாழ 0.776 ஆகும். மூன்றாவது தசம இடத்தில் ஒரு அசைவு. தெருவில் காஸ் சிலிண்டருக்கு இரவு முழுக்க வரிசையில் நின்றவருக்கு அந்த ஆறு புள்ளியைக் காட்டி என்ன சொல்வது?

இதற்காக அந்தச் சுட்டெண்ணைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1990இல் பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் அதைக் கொண்டுவந்தபோது அவருடைய நண்பரான இந்தியப் பொருளியலாளர் அமர்த்தியா சென் தயங்கினார், மனித வாழ்க்கையை ஒரே எண்ணில் அடக்குவது முரட்டு வேலை என்பது அவர் எண்ணம். தேசிய உற்பத்தி எப்படி முரட்டு எண்ணோ அதே அளவு முரட்டான இன்னொரு எண்தான் அதோடு மோத முடியும், ஆனால் அதைப்போல் மனிதரைப் பார்க்காத குருட்டு எண்ணாக மட்டும் இருக்கக் கூடாது என்பது ஹக்கின் வாதம். ஹக் சொன்னது பலித்தது. இலங்கை அந்தப் பட்டியலில் மேலே இருந்ததும் சும்மா வந்ததில்லை. 1945இல் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி, ஊர் ஊராகப் போன மருத்துவிச்சிகள், இலவச ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்து எழுபது வருடத்தில் கட்டியது அது. ஒரு லட்சம் பிரசவத்துக்கு முப்பது தாய்மார் அளவில்தான் இறக்கிறார்கள் என்றால் அது உண்மையான சாதனை. நீண்டகாலமாகக் கட்டியதைக் காட்டும் கருவி அது, அடுத்த மாதம் என்ன நடக்கும் என்று அதனிடம் போய்க் கேட்டதுதான் பிழை.

சரி, மொத்த உள்நாட்டு உற்பத்திக்கு வருவோம். இதில் கடன் எங்கே தெரியும் என்று பலர் தேடுகிறார்கள், எங்கேயும் தெரியாது. அது ஒரு வருடத்தில் எவ்வளவு உற்பத்தி நடந்தது என்ற கணக்கு, யாருடைய காசில் நடந்தது என்பது அதில் வராது. 2013 மார்ச்சில் மத்தளவில் ஒரு சர்வதேச விமான நிலையம் திறந்தார்கள், கட்டிய வருடங்களில் அந்தச் சீமெந்தும் கம்பியும் கூலியும் உற்பத்திக் கணக்கில் ஏறின, வளர்ச்சி கூடியது. பிறகு விமானம் வரவில்லை, ஒரு கட்டத்தில் அதன் சரக்குக் கட்டடத்தில் நெல் மூட்டை அடுக்கினார்கள். அதற்காக முந்தைய வருடங்களின் வளர்ச்சியை யாரும் திருப்பி எடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது, கணக்கின் விதி அது. தேசிய வருமானக் கணக்கை அமெரிக்காவுக்கு ஒழுங்காகப் போட்டுக் கொடுத்த சைமன் குஸ்னெட்ஸ் 1934இல் அவர்களின் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையிலேயே, இந்த எண்ணை வைத்து நாட்டு மக்களின் நலனை ஊகிக்க முடியாது என்று எழுதி வைத்தார். செய்தவரே சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார், வாங்கியவர்கள்தான் அந்தப் பக்கத்தை வாசிக்கவில்லை.

தலா வருமானத்தை டொலரில் சொல்லும்போது இன்னொரு விளையாட்டும் சேர்கிறது. 2021 கடைசியில் மத்திய வங்கி தன் டொலர் கையிருப்பைக் கரைத்து, ஒரு டொலர் 200 ரூபாய்க்குப் பக்கத்தில் நிற்கும்படி பிடித்து வைத்திருந்தது. அந்த விகிதத்தில் மாற்றினால் தலா வருமானம் 4,000 டொலர் அளவில் நிற்கும். 2022 மார்ச்சில் பிடியை விட்டார்கள், மே மாதத்துக்குள் டொலர் 360 ரூபாய்க்குப் போனது. அந்த வருடம் உற்பத்தி 7, 8 சதவீதம்தான் சுருங்கியது, டொலர்க் கணக்கில் தலா வருமானமோ 3,500க்குக் கிட்ட இறங்கியது. அப்படியானால் முந்தைய வருடத்து 4,000 எவ்வளவு தூரம் உண்மை, எவ்வளவு தூரம் மத்திய வங்கி கையிருப்பை எரித்து ஏற்றிய விளக்கு?

இந்த டொலர்க் கணக்கு வெறும் அலங்காரமாக இருந்தால் பரவாயில்லை, அதன் மேல்தான் உலக வங்கி கோடு போடுகிறது. 2019 ஜூலையில் இலங்கையை 'உயர் மத்திய வருமான நாடு' என்று தூக்கி வைத்தார்கள், தலா தேசிய வருமானம் 4,060 டொலர். ஊரில் பெரிய கொண்டாட்டம். 2020 ஜூலையில் கோடு 4,046க்கு ஏறியது, இலங்கை 4,020இல் நின்றது. 26 டொலர் குறைவு. திரும்பவும் கீழ் மத்திய வருமான நாடு. இந்த 12 மாதத்தில் ஒரு குடும்பத்தின் அடுப்படியில் என்ன மாறியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

ஒன்றும் மாறவில்லை, ஆனால் நாடு கடன் வாங்கும் விதம் அதற்கு முன்பே மாறிவிட்டிருந்தது, இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வருமானம் ஏற ஏற மலிவு வட்டிக் கடன் குறையும். 2017இல் உலக வங்கியின் சலுகைக் கடன் பிரிவிலிருந்து இலங்கை 'தேறி' வெளியே வந்தது. அதற்குப் பத்து வருடம் முன்பே, 2007இல், சர்வதேசச் சந்தையில் 500 மில்லியன் டொலருக்கு முதல் கடன்பத்திரம் விற்றாகிவிட்டது, பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. விழுந்த நேரத்தில் வெளிநாட்டுக் கடனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தக் கடன்பத்திரங்கள்தான். வட்டி கூடியது, தவணை குறுகியது, கூப்பிட்டுப் பேசித் தள்ளிப்போட ஆள் இல்லாதது. எல்லாப் பழியையும் அந்தக் கோட்டின் மேல் போட முடியாது, 2019 கடைசியில் வரியை வெட்டியதும் 2021 ஏப்ரலில் இரசாயனப் பசளையைத் தடை செய்ததும் கொழும்பில் எடுத்த முடிவுகள். ஆனாலும் 'நாங்கள் இனி ஏழை நாடில்லை' என்ற எண்ணுக்கு ஒரு விலை இருந்தது. 2022 ஒக்டோபரில் அமைச்சரவையே கூடி, எங்களைத் திரும்ப அந்தச் சலுகைப் பிரிவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க முடிவெடுத்தது. ஒரு நாடு தன் தரத்தை இறக்கச் சொல்லித் தானே விண்ணப்பிக்க வேண்டி வந்ததை யோசித்துப் பாருங்கள்.

வளர்ச்சி வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. யுத்தம் முடிந்த பிறகு 8, 9 சதவீதம் வளர்கிறோம் என்று மேடைதோறும் பேசினார்கள். 2015இல் அடிப்படை ஆண்டை, அதாவது விலைகளை ஒப்பிட வைத்திருக்கும் ஆண்டை, 2002இலிருந்து 2010க்கு மாற்றிக் கணக்கைப் புதிதாகப் போட்டபோது 2014இன் வளர்ச்சி 7.4இலிருந்து 4.5 ஆனது. நாடு அதே நாடு, அந்த வருடம் விளைந்த நெல்லும் அதே நெல். இந்தியாவில் இதற்கு நேர்மாறு, அதே 2015இல் புதிய தொடர் வந்தபோது 2013-14இன் வளர்ச்சி 4.7இலிருந்து 6.9க்கு ஏறியது. நைஜீரியா 2014இல் அடிப்படை ஆண்டை 1990இலிருந்து 2010க்குக் கொண்டுவந்து, கைத்தொலைபேசியையும் சினிமாத் தொழிலையும் ஒழுங்காகச் சேர்த்துப் பார்த்தால், பொருளாதாரம் ஒரே நாளில் 89 சதவீதம் பெருத்து தென்னாபிரிக்காவைத் தாண்டிவிட்டது. அயர்லாந்துக் கதை எல்லோருக்கும் தெரியும், பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைச் சொத்தைக் காகிதத்தில் அங்கே மாற்றியதால் 2015இல் 26 சதவீத வளர்ச்சி என்று வந்தது, அவர்களே வெட்கப்பட்டு வேறொரு எண்ணை உருவாக்கிக்கொண்டார்கள். இவை மோசடி இல்லை, பழைய கணக்கைத் திருத்துவது தேவையான வேலை. ஆனால் ஒரு நாட்டின் வளர்ச்சியில் அரை சதவீத வித்தியாசத்துக்காக அரசியல்வாதிகள் சண்டை பிடிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும், திருத்தும்போது மூன்று சதவீதம் வந்து போகிறதே.

இனி வறுமை. இங்கேதான் எனக்கு உண்மையில் கோபம் வருவது.

இலங்கையின் பழைய வறுமைக்கோடு 2002இன் செலவுப் பழக்கத்தை வைத்துப் போட்டது, தலைக்கு மாதம் 1,423 ரூபாய். பிறகு விலைவாசிக்கு ஏற்ப அதை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள், 2016இல் அது 4,166 ரூபாய், ஒரு நாளைக்கு 140 ரூபாய்கூட வராது. அந்தக் கோட்டின்படி 2002இல் 22.7 சதவீதமாக இருந்த வறுமை 2016இல் 4.1க்கு இறங்கிவிட்டது. வறுமையே முடிந்துவிட்டது என்று பேசாத குறை. 2002இல் ஒரு குடும்பம் எதற்குச் செலவழித்ததோ அதே சாமான்தான் 2016இலும் அந்தக் கோட்டுக்குள் இருந்தது, போன் ரீலோட், பிள்ளையின் டியூஷன் காசு, பஸ் காசு எல்லாம் வாழ்க்கைக்குள் வந்தது கோட்டுக்குத் தெரியாது. பிறகு 2012/13 செலவுப் பழக்கத்தை வைத்துக் கோட்டைப் புதிதாகப் போட்டார்கள். அதே 2016இன் வறுமை 11.9 சதவீதம் ஆனது. ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒரு ஆள்கூடப் புதிதாக ஏழையாகவில்லை, முன்பே ஏழையாக இருந்தவர்கள் கணக்கில் ஏறினார்கள்.

அந்த 2002 கோட்டுக்குப் பின்னால் இன்னொன்றும் இருக்கிறது. வீட்டு வருமான செலவு ஆய்வு என்று ஒன்றைத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் சில வருடங்களுக்கு ஒரு தடவை நடத்தும், வறுமை எண்கள் அதிலிருந்துதான் வரும். யுத்தம் நடந்த காலத்தில் அது வடக்கு கிழக்குக்குப் போகவில்லை. 1990/91இல் இல்லை, 1995/96இல் இல்லை, 2002இல் இல்லை. 2009/10இல்கூட மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்றும் விடுபட்டன. எல்லா மாவட்டத்தையும் சேர்த்துச் செய்தது 2012/13இல்தான். அப்போது நாட்டின் சராசரி 6.7 சதவீதம், முல்லைத்தீவு 28.8. குண்டு விழும் இடத்தில் போய்க் கேள்வித்தாள் நிரப்ப முடியாதுதான், அதில் திணைக்களத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இருபது வருடமாக 'இலங்கையின் வறுமை' என்று வெளியிட்ட அட்டவணையின் அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் இருந்த அந்த வரியை, அதை எடுத்துப் போட்ட சர்வதேச அறிக்கைகளில் எத்தனை எடுத்துப் போட்டன? சராசரியிலிருந்து விடுபடுகிறவர்கள் குலுக்கல் போட்டு விடுபடுவதில்லை. யாரிடம் போவது கஷ்டமோ அவர்களே விடுபடுகிறார்கள், அவர்களே பெரும்பாலும் மோசமான நிலையில் இருப்பவர்கள், அதனால் சராசரி எப்போதும் ஒரே திசையில்தான் பிழையாகும்.

போய்க் கேட்ட இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களைப் பாருங்கள். புதிய கோட்டின்படி 2019இல் நாட்டின் வறுமை 14.3 சதவீதம், தோட்டத்துறையில் 33.8. இதே தோட்டத்தில் வேலையில்லாத் திண்டாட்டம் பெரிதாகத் தெரியாது, அது ஏன் என்று கேட்டால் பதில் கணக்கெடுக்கும் விதியில் இருக்கிறது. தொழிற்படை ஆய்வில் போன வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு வேலை செய்திருந்தால் நீங்கள் 'தொழிலில் இருப்பவர்'. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண், தோட்டம் வைத்த கிலோவைப் பறித்துக் கொடுத்தால்தான் அன்றைக்கு அவருக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி விழும், குறைந்தால் அரைப் பேர், அரை நாள் கூலி. மழையோ வெயிலோ அடித்துக் கொழுந்து இல்லாத மாதத்தில் தோட்டமே வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை கொடுக்கும். அந்த வாரம் இரண்டு அரைப் பேர் வாங்கியவரும் ஆய்வில் தொழிலில் இருப்பவர்தான், கொழும்பில் வங்கியில் இருப்பவரும் அதே பெட்டியில்தான். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது என்று செய்தி வந்ததே, அது முழுப் பேருக்கு. மாதத்தில் எத்தனை முழுப் பேர் விழுந்தது என்பதைத் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலைப் பதிவேட்டில் பார்க்கலாம், தேசிய அட்டவணையில் பார்க்க முடியாது.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அந்தச் சம்பளம் எப்படிப் பங்கு போகிறது என்பதும் தெரியாது. குடும்பத்தின் மொத்தச் செலவைத் தலைக்கு வகுத்துத்தான் யார் ஏழை என்று தீர்மானிக்கிறார்கள், அப்பாவுக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் சமபங்கு என்று. ஆனால் உடம்பு வேறு கணக்குச் சொல்கிறது. 2016இன் மக்கள்தொகை சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 சதவீதம், தோட்டத்துறையில் 32க்குக் கிட்ட. இது 73ஆவது இடத்தில் இருந்த அதே நாடு. நாடு முழுவதற்கும் எடுத்தாலும் உயரத்துக்கேற்ற எடை இல்லாத பிள்ளைகள் 15 சதவீதம், இது உலக அளவிலேயே மோசமான எண்களில் ஒன்று. ஆயுள் கூடியது, பள்ளி வருடம் கூடியது, பிள்ளைக்குச் சதை பிடிக்கவில்லை. மூன்று சாமான் போட்ட சுட்டெண்ணில் நான்காவதுக்கு இடமில்லை.

பக்கத்தில் ஒரு விஷயம், இது சிரிப்பதற்கு: இலங்கையில் மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பது மட்டும்தான் 'நகரம்', பிரதேச சபைக்குள் தோட்டம் தவிர மற்றதெல்லாம் 'கிராமம்'. அதனால் 2012 தொகைமதிப்பில் நகரத்தில் வாழ்பவர்கள் வெறும் 18 சதவீதம். கொழும்புக்கு ஒட்டிக்கொண்டு, பல்கலைக்கழகமும் நெரிசலுமாகக் கிடக்கிற களனி பிரதேச சபைப் பகுதி, கணக்கில் கிராமம். கிராமிய வறுமை 15 சதவீதம் என்றால் அதில் களனியும் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானும் சேர்ந்து கிடக்கின்றன. இதை வைத்து யாருக்கு என்ன திட்டம் போடுவது?

இன்னொரு ஆளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மட்டக்களப்பிலிருந்து குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன ஒரு பெண் என்று வையுங்கள். அவருடைய உழைப்பு குவைத்தின் உள்நாட்டு உற்பத்தியில் ஏறுகிறது. அவர் அனுப்பும் காசு இலங்கையின் உள்நாட்டு உற்பத்தியில் வராது. அவர் அங்கே நீண்டகாலம் இருப்பவர் என்றால் தேசிய வருமானத்திலும் வராது, அது ஒரு 'மாற்றல்' என்று வேறு பெட்டியில் போய் உட்காரும். அந்தக் காசில் வீடு கட்டினால் கொத்தன் கூலியும் கல்லும் உற்பத்தியில் வரும். போவதற்கு முன் அவர் தன் வீட்டில் சமைத்ததும் பிள்ளை பார்த்ததும் எப்போதுமே கணக்கில் இல்லை, இப்போது அதைச் செய்கிற அம்மம்மாவின் வேலையும் இல்லை. 2020இல் இப்படி வெளிநாட்டிலிருந்து வந்தது 7 பில்லியன் டொலர், 2021இல் 5.5 பில்லியன் ஆனது, உத்தியோகபூர்வ விகிதத்தில் அனுப்பினால் நட்டம் என்று சனம் உண்டியலுக்கு, அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு அனுப்பும் வழிக்குப் போனதும் அதற்கு ஒரு காரணம். நாடு டொலர் இல்லாமல் விழுந்ததில் இந்த வீழ்ச்சிக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் உற்பத்தி எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு 2021 வளர்ச்சி வருடமாகத்தான் தெரிந்திருக்கும்.

இந்திய நண்பர்கள் சிலர் இதை வாசித்துவிட்டு அங்கே எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. நகரத்தில் நாளைக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் போதும் என்று திட்டக்குழு 2011இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னதை மறந்திருக்க மாட்டீர்கள். 2011-12க்கு டெண்டுல்கர் குழுவின் முறைப்படி வறுமை 21.9 சதவீதம், அதே வருடத்துக்கு ரங்கராஜன் குழுவின் முறைப்படி 29.5. 2017-18இன் நுகர்வுச் செலவு ஆய்வை அரசே வெளியிடாமல் கைவிட்டது, 2021இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளித் தள்ளிப் போனது. ஆய்வை விரும்பாமல் நிறுத்துவது, பிழையாக அளப்பதை விட மோசம் என்பேன், பிழையாக அளந்ததையாவது திருத்தலாம்.

அப்படியானால் எந்த எண்ணைத்தான் நம்புவது என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் நம்புகிற பழக்கத்தை விடுங்கள். சராசரியைக் கண்டால் நடுவில் இருப்பவரைத் தேடுங்கள்: 2019இல் இலங்கைக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபாய், வரிசையில் நிற்க வைத்தால் நடுக் குடும்பத்துக்கு 53,333தான், இடைவெளி எங்கே போகிறது என்றால் மேலே உள்ள ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களுக்கு மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் போகிறது. அதுவும் வாசல் கேற்றைத் திறந்து கணக்கெடுப்பவரை உள்ளே விட்ட பணக்காரர்கள் சொன்ன கணக்கு. எந்த எண்ணையும் எடுத்தால் எந்த வருடத்து ஆய்வு, எந்த மாவட்டம் விடுபட்டது என்று அடிக்குறிப்பை முதலில் வாசியுங்கள். 2022இல் வறுமை 13இலிருந்து 25 சதவீதமாக இரட்டிப்பானது என்று உலக வங்கி சொன்னது, நானும் பல இடத்தில் அதைப் பயன்படுத்துகிறேன், ஆனால் அது வீடு வீடாகக் கேட்டு எடுத்ததல்ல, 2019 ஆய்வை வைத்துக் கணித மாதிரி போட்டு மதிப்பிட்டது. நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது வீடு வீடாகப் போய்ச் செலவைக் கேட்ட தேசிய ஆய்வு நடக்கவில்லை.

2021இல் நாடு விழப்போகிறதா என்று தெரிந்துகொள்ள விரும்பியிருந்தால் அபிவிருத்திச் சுட்டெண் எதையும் பார்த்திருக்கத் தேவையில்லை. மத்திய வங்கி மாதாமாதம் வெளியிட்ட வெளிநாட்டு ஒதுக்கு, அதாவது டொலர் கையிருப்பு அட்டவணை போதும். 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலர், 2021 முடிவில் 3.1, அதிலும் ஏறத்தாழ பாதி சீனாவோடு செய்த நாணயப் பரிமாற்றத்தில் வந்தது, நினைத்தபடி எடுத்துச் செலவழிக்க முடியாதது. 2022 மே மாதம் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து, பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலர்கூட இல்லை என்றார். அந்த அட்டவணை இரகசியம் ஒன்றும் இல்லை, யாரும் இறக்கிப் பார்த்திருக்கலாம்.